மூன்று பத்து

டிடூபே பஸ் நிலையத்தில் காலை எட்டுக்கே
மெராப் சண்டையில் இருந்தான்,
டிரைவரோடு, ஜன்னல் சீட்டுக்காக.
சும்மா பார்த்துட்டு வரலாம் என்றுதான் கூப்பிட்டிருந்தான்,
ஏதோ அருவிக்குக் கூப்பிடுகிற மாதிரி.
மடிப்பையில் ரொட்டி, உப்புப் பாலாடைக்கட்டி,
அவன் அப்பாவின் பைனாகுலர்.
ஒரு கண்ணில் விரிசல்.

கோரி தாண்டினால் ஆப்பிள் தோட்டங்கள்.
அப்புறம் மணல்மூட்டை, கேமரா, குறுக்கே ஒரு கம்பம்.
எங்கள் போலீஸ்தான்.
மீசை இன்னும் முடிவெடுக்காத ஒரு பையன்
அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"எதுக்குப் போறீங்க?"
"பிறந்த ஊர்."
"அந்த ஊர் இப்ப எங்கே இருக்குன்னு தெரியுமா?"
"அதைப் பார்க்கத்தான்."

நாத்லிஸ்கெவியில் பாதித் தெரு இருந்தது.
மீதி முள்கம்பிக்கு அந்தப் பக்கம்.
பச்சைப் பலகையில் இரண்டு மொழியில் ஒரே மிரட்டல்.
வாளியோடு வந்த மாக்வாலா
மெராப்பின் கன்னத்தைக் கிள்ளினாள், நாற்பத்து மூன்று வயதுக் கன்னம்.
"கிட்டே போயிடாதே. போன மாசம் என் பசு போயிட்டுது.
நாலு நாள் காவலில் வெச்சிருந்தாங்க.
திரும்பி வந்தபோது கொழுத்திருந்தது, துரோகி."
அவள் பிளம் மரத்தின் ஒரு கிளை அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது.
விழுகிற பழத்தைச் சிப்பாய்கள் தின்பார்களாம்.
கொட்டையை மட்டும்
கணக்காக இந்தப் பக்கம் எறிந்துவிடுவார்களாம்.

கோபுரத்தில் ஒருவன் பைனாகுலரோடு.
நாங்கள் அவனைப் பார்த்தோம். அவன் எங்களைப் பார்த்தான்.
யாரும் கையசைக்கவில்லை.
அசைத்திருந்தால் எதில் எழுதிக்கொள்வார்களோ.

மெராப் வீட்டைக் கண்டுபிடிக்க வெகு நேரம் ஆனது.
பழுப்பு ஓட்டைத் தேடிக்கொண்டிருந்தான்;
வீட்டின் மேல் சிவப்புத் தகரம்,
புதுசு, வெயிலில் கண்ணைக் குத்தியது.
நான் கைக்குட்டை எடுத்து வைத்துக்கொண்டேன்.
அழுவான் என்று நினைத்தேன்.

"சமையலறை மூலையில் ஒழுகும்" என்றான்.
"அடுத்த கோடையில் பார்க்கலாம் என்பார் அப்பா.
பதினோரு கோடை. அண்டா வெச்சுப் பிடிச்சோம்.
ராத்திரி முழுக்க டொக், டொக்."
பிறகு ஒரு கெட்ட வார்த்தை.
அப்பாவைச் சொன்னானா, கூரை போட்டவனைச் சொன்னானா,
நான் கேட்கவில்லை.

சட்டைப்பையில் என் போன் அதிர்ந்தது.
ரஷ்யாவுக்கு நல்வரவு,
நிமிடத்துக்கு இவ்வளவு கட்டணம்.
எனக்கு மூன்று வருஷமாக விசா தரவில்லை.
போன் மட்டும் போய்விட்டிருந்தது.

கடைசி வேன் நாலு மணிக்கு.
வாதுமை மரத்தடியில் ரொட்டியைப் பிய்த்தோம்,
மாக்வாலா தக்காளியும் மிளகாயும் வெட்டிக்கொண்டு வந்தாள்,
ஒயின் ஊற்றினாள், கேட்காமல் மறுபடி ஊற்றினாள்.
"மெதுவா சாப்பிடு, மூணு பத்துதான்" என்று போனைக் காட்டினேன்.
எட்டிப் பார்த்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
"அது அவங்க மணி, கண்ணு. இங்கே நாலு பத்து."

தெருமுனைக்கு ஓடினோம். புழுதிகூட அடங்கிவிட்டது.
மூச்சு வாங்க நின்ற மெராப்
திரும்பிக் கம்பியைப் பார்த்தான்.
"அங்கே இன்னும் வேன் போகலை."

ஆறு கிலோமீட்டர் நடை.
வழி நெடுக அவன் பேசவில்லை, ஒருமுறை மட்டும்
அந்தத் தகரம் என்ன விலை இருக்கும் என்றான்.
தோட்டங்கள் வந்ததும் என் போன்
சத்தமில்லாமல் ஒரு மணி நேரத்தை விழுங்கி
எங்களோடு சேர்ந்துகொண்டது.

கம்பத்தருகே அதே பையன், சூரியகாந்தி விதை கொறித்தபடி.
கோரி போகிற ஜீப்பில் எங்களை ஏற்றிவிடச் சம்மதித்தான்.
"பார்த்தீங்களா ஊரை?"
"ஒழுகல் நின்னுடுச்சு" என்றான் மெராப்.
பையனுக்குப் புரியவில்லை.
கம்பத்தைத் தூக்கினான்.